'த'வை 'மா' ஆக்கியது யார்? ரகுநாதராவ் – ஆனந்திபாய் நாவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக ஒரு வரலாற்று நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் 18-ம் நூற்றாண்டுப் புனே. பேஷ்வா குடும்பத்தைச் சேர்ந்த ரகுநாதராவும் அவர் மனைவி ஆனந்திபாயும்தான் மையம். பதவிக்காகச் சொந்த அண்ணன் மகனைக் கொன்ற தம்பதி என்று மகாராஷ்டிரத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த பெயர்கள். அத்தியாயங்களைப் படித்துப் பார்த்த நண்பர்கள் மறுபடி மறுபடி கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வரலாறு எது, என் கற்பனை எது என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

பேஷ்வா என்றால் அரசரா? இந்தக் குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு?

அரசர் இல்லை. அரசர் சத்தாராவில் இருந்த சத்ரபதி. அவருடைய பிரதம மந்திரிக்குத்தான் பேஷ்வா என்று பெயர். ஆனால் முதலாம் பாஜிராவ் காலத்திலிருந்து அதிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் புனேவுக்கு வந்துவிட்டது. பதவியும் தகப்பனுக்குப் பின் மகன் என்று ஒரே குடும்பத்தில் தங்கிவிட்டது.

பாஜிராவின் மூத்த மகன் நானாசாஹேப், அவருடைய தம்பி ரகுநாதராவ். ராகோபா என்றும் சொல்வார்கள், வீட்டில் தாதாசாஹேப். 1761 ஜனவரியில் பானிபட்டில் மராட்டியப் படை அழிந்தது. நானாசாஹேபின் மூத்த மகன் விஸ்வாஸ்ராவ் அங்கேயே இறந்தான். அந்தத் துக்கத்திலேயே நானாசாஹேபும் அதே வருடம் ஜூனில் போய்ச் சேர்ந்தார். அடுத்து பேஷ்வா ஆனது அவருடைய இரண்டாவது மகன் மாதவராவ், வயது 16. அப்போது ரகுநாதராவுக்கு 26. போர்க்களம் பார்த்த ஆள், அனுபவம் உள்ள ஆள், ஆனாலும் அண்ணன் பையனுக்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். கதைக்கான நெருப்பு அங்கேதான் பற்றியது.

ஆனந்திபாய் கொங்கணத்து ஓக் குடும்பத்துப் பெண், ரகுநாதராவின் இரண்டாவது மனைவி.

ராகோபா உண்மையிலேயே திறமைசாலியா, வெறும் பேராசைக்காரரா?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நின்று பதில் சொல்ல விரும்புகிறேன். திறமை இல்லாதவனின் பேராசை கதைக்கு உதவாது. 1758-ல் லாகூரைப் பிடித்த மராட்டியப் படைக்குத் தலைமை தாங்கியவர் இவர்தான். மராட்டியக் கொடி சிந்து நதிக்கரையில் அட்டக் கோட்டை வரை போனதாக இன்றைக்கும் மராத்தியர்கள் பெருமையாகச் சொல்கிறார்களே, அது இவர் காலத்துப் படையெடுப்பு. அந்தப் பெருமை உள்ளவரைத்தான் பிறகு வீட்டுக்குள் ஒரு மூலையில் உட்காரச் சொன்னார்கள்.

ஆனால் அவரிடம் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. வாள் எடுக்கத் தெரியும், அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாது. வடக்கே அவர் போய்வந்த படையெடுப்புகள் புகழைக் கொண்டுவந்தன, கூடவே பெரிய கடனையும் கொண்டுவந்தன. யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்வார். 1762-ல் அண்ணன் மகனை எதிர்த்துச் சண்டை போட்டு ஜெயித்து, அடுத்த வருடமே ராட்சஸபுவனத்தில் அதே பையனோடு சேர்ந்து ஹைதராபாத் நிஜாமை எதிர்த்தார். பிறகு மறுபடி முறைத்துக்கொண்டார். 1768-ல் தோடப் கோட்டையில் மாதவராவ் அவரைத் தோற்கடித்து, புனேவுக்குக் கொண்டுவந்து சனிவார் வாடா மாளிகைக்குள்ளேயே காவலில் வைத்தார்.

அந்தக் காவல் நாட்களைத்தான் நான் நாவலில் அதிகம் எழுதியிருக்கிறேன், 9 அத்தியாயங்கள். ஒரே கூரையின் கீழ் பேஷ்வா, அவருடைய கைதி, கைதியின் மனைவி. அடுத்த முற்றத்தில் யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று சத்தத்தை வைத்தே கணக்குப் போடுகிற இரண்டு பேர். இத்தனைக்கும் பசியோ அடியோ கிடையாது. வேளாவேளைக்குச் சாப்பாடு, பூஜை, மரியாதை எல்லாம் உண்டு. அதிகாரம் மட்டும் கிடையாது.

1773 ஆகஸ்ட் 30 அன்று சனிவார் வாடாவில் என்ன நடந்தது?

மாதவராவ் காசநோயால் 1772 நவம்பரில் தேவூரில் இறந்தார். வயது 27. பிள்ளை இல்லை. மனைவி ரமாபாய் உடன்கட்டை ஏறினார். கடைசித் தம்பி நாராயணராவ் பேஷ்வா ஆனார், வயது 17. சித்தப்பாவுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. காவல் இன்னும் இறுகியது.

அடுத்த வருடம் பிள்ளையார் சதுர்த்தி விழாவின் கடைசி நாள். பகல் நேரம். மாளிகைக் காவலில் காரதிகள் என்று ஒரு கூலிப்படை இருந்தது, ஐரோப்பிய முறையில் துப்பாக்கி பழகிய காலாட்கள். சுமேர்சிங் முதலான தலைவர்களோடு அவர்கள் சம்பள பாக்கி கேட்டுக் கூச்சலிட்டபடி உள்ளே நுழைந்தார்கள். நாராயணராவுக்கு விஷயம் புரிந்தபோது ஓடுவதற்கு ஓர் இடம்தான் இருந்தது, சித்தப்பாவின் அறை. அங்கே போய் ரகுநாதராவைக் கட்டிக்கொண்டு உயிர்ப்பிச்சை கேட்டதாகச் சொல்வார்கள். துலாஜி பவார் என்ற வேலைக்காரன் அவரைப் பிடித்து இழுத்தான். சாபாஜி டிலேகர் என்ற விசுவாசமான ஊழியர் எஜமானின் மேல் குப்புற விழுந்து மறைத்தார். இரண்டு பேரையும் சேர்த்தே வெட்டினார்கள். அன்று அந்த மாளிகையில் வேறு சிலரும் செத்தார்கள். நாராயணராவுக்கு அப்போது 18 வயது முடிந்து மூன்று வாரம்.

உடலை இரவில் ஒரு சிறு வாசல் வழியாக ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். அந்த வாசலுக்கு இன்றைக்கும் நாராயண் தர்வாஜா என்றுதான் பெயர். நான் அதன் அருகே நின்று பார்த்திருக்கிறேன். வாடாவின் முன்வாசலான தில்லி தர்வாஜாவில் யானை முட்டாமல் இருக்க இரும்பு ஆணிகள் அடித்திருப்பார்கள், எல்லோரும் அதன் முன்னால்தான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாராயண் தர்வாஜா பக்கம் கூட்டமே இல்லை. ஒரு யானைப்படையைத் தடுக்கிற கோட்டைக்கு உள்ளே, காவலுக்கு வைத்த ஆட்களே கொன்றார்கள் என்பது அந்த இரண்டு வாசலையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அந்த 'த' – 'மா' கதையைக் கொஞ்சம் விளக்க முடியுமா?

நாராயணராவைப் பிடித்து அடைத்துவிடச் சொல்லி ரகுநாதராவ் காரதிகளுக்கு ஓர் ஆணை எழுதித் தந்தாராம். அதில் 'நாராயணராவாஸ் தராவே' என்று இருந்ததாம். தராவே என்றால் பிடிக்க வேண்டும். அந்தக் காகிதம் ஆனந்திபாய் கைக்குப் போய் வந்தபோது 'த' இருந்த இடத்தில் 'மா' இருந்ததாம். மாராவே. கொல்ல வேண்டும். ஓர் எழுத்தில் ஓர் உயிர் போய்விட்டது.

மராத்தியில் இது பழமொழியாகவே ஆகிவிட்டது. யாராவது சொன்னதைத் திரித்து விபரீதம் ஆக்கினால் "த-வை மா ஆக்கிவிட்டாயே" என்பார்கள். நம் ஊரில் சகுனி, கூனி பெயர்களைப் பயன்படுத்துகிற மாதிரி அங்கே ஆனந்திபாய் பெயர்.

அது உண்மையில் நடந்ததா?

கதையாக அது மிகக் கச்சிதமாக இருக்கிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகம். ஜேம்ஸ் கிராண்ட் டஃப் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1826-ல் வெளியிட்ட மராட்டிய வரலாற்றில் இந்தச் சம்பவம் வருகிறது. கொலை நடந்து 53 வருடம் கழித்து. இன்று நம்மிடம் இருப்பது அந்தக் காகிதம் அல்ல, அதைப் பற்றிய பேச்சுதான். பல வரலாற்று ஆய்வாளர்கள் எழுத்தை ஆனந்திபாய் மாற்றியதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றே கருதுகிறார்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்தக் கதையில் யாருக்கு லாபம்? 'தராவே' என்று எழுதியவருக்கு. "நான் பிடிக்கத்தான் சொன்னேன், கொல்லச் சொல்லவில்லை" என்று சொல்ல அது வழி தருகிறது. பட்டத்துக்கு ஆசைப்பட்டவர் அவர், காவலில் இருந்தவர் அவர், மறுநாள் அதிகாரத்துக்கு வந்தவர் அவர். பழி மட்டும் அவர் மனைவியின் பேனா முனைக்குப் போய்விட்டது. அவர் செய்த மற்ற காரியங்களுக்கெல்லாம் ஒப்பந்தம், கடிதம், கணக்கு இருக்கிறது. அவள் செய்ததாகச் சொல்லும் ஒரே காரியத்துக்கு ஓர் எழுத்து.

அப்படியானால் உங்கள் நாவலில் ஆனந்திபாய் நிரபராதியா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பாதிப்பேர் "ஆமாம்" என்ற பதிலை எதிர்பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். கெட்டவள் என்று சொல்லப்பட்ட பெண்ணை நல்லவளாக்கி எழுதுவது இப்போது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அப்படி எழுதினால் அவளிடமிருந்து அவளுடைய மூளையைப் பிடுங்கிக்கொள்கிறோம். அவள் அரசியல் புரிந்த பெண். கணவரின் உரிமை பறிபோனது என்று உறுதியாக நம்பியவள். நாராயணராவின் தாய் கோபிகாபாய்க்கும் இவளுக்கும் இருந்த பகை அந்த வீட்டுச் சுவருக்கெல்லாம் தெரியும். இப்படிப்பட்டவள் திரைக்குப் பின்னால் ஒன்றும் அறியாமல் பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள் என்று எழுத என்னால் முடியவில்லை.

சரி, நான் என்ன செய்தேன்? காகிதத்தை எழுதிய பிறகு ரகுநாதராவ் அதை மனைவியிடம் கொடுக்கிறார். படித்துப் பார் என்றோ, அனுப்பிவிடு என்றோ சொல்லவில்லை, கொடுக்கிறார் அவ்வளவுதான். அவள் அடுத்த அறைக்குப் போகிறாள். நான் அவளோடு போகவில்லை, இவரோடு உட்கார்ந்திருக்கிறேன். அவள் திரும்பி வந்து காகிதத்தை அவர் கையிலேயே தருகிறாள், மடிக்காமல். அவர் பார்க்கிறார். மையின் மேல் மணல் தூவி உலர்த்துகிறார். ஏற்கெனவே உலர்ந்துபோன காகிதத்துக்கு மணல் எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆளைக் கூப்பிட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

இது முழுக்க என் கற்பனை. இதற்கு எந்த ஆவணமும் கிடையாது. நான் நம்புவது இது: குற்றம் அவருடையதா, அவளுடையதா என்று பிரித்துப் பார்த்தால் அது தப்பிவிடும். அது அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்காமல் விட்ட கேள்வியில் இருக்கிறது. பல வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு வாயால் சொல்லாமலே ஒரு விஷயம் புரியும். நல்ல குடும்பங்களில் அதுதான் பெரிய சுகம். இங்கே அதே நெருக்கம்தான் ஆயுதம்.

ராம்சாஸ்திரி கதாபாத்திரம் உண்மையா? கொஞ்சம் மிகையாக இருக்கிறதே.

உண்மை. ராம்சாஸ்திரி பிரபுணே புனேயின் தலைமை நீதிபதி. கொலையை விசாரித்தார், ரகுநாதராவே குற்றவாளி என்றார். பிராயச்சித்தம் என்ன என்று கேட்டபோது, உயிரைக் கொடுப்பதைத் தவிர இதற்கு வேறு பிராயச்சித்தம் இல்லை என்று ஆட்சியில் இருப்பவரின் முகத்துக்கு நேராகவே சொன்னார். அப்புறம் பதவியை விட்டுவிட்டுப் புனேயை விட்டே போய்விட்டார். நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் வரும் அத்தியாயம் நாலே பக்கம்.

கொலை செய்து என்ன கிடைத்தது?

சில மாதங்கள். சத்தாராவிலிருந்து பேஷ்வா ஆடைகள் வந்தன. ஆனால் நாராயணராவின் மனைவி கங்காபாய் கர்ப்பமாக இருந்தாள். மந்திரிகள் அவளைப் புரந்தர் கோட்டையில் வைத்துக் காப்பாற்றினார்கள். நானா பட்னாவிஸ், சகாராம் பாபு முதலானவர்கள் சேர்ந்த அந்த அணிக்கு 'பார்பாயி', பன்னிரண்டு சகோதரர்கள், என்று பெயர். 1774 ஏப்ரல் 18 அன்று ஆண் குழந்தை பிறந்தது. 40 நாள் குழந்தையைப் பேஷ்வா ஆக்கினார்கள். சவாய் மாதவராவ்.

யோசித்துப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நிஜாமால் செய்ய முடியாததை இன்னும் பிறக்காத ஒரு குழந்தை செய்தது, ராகோபாவை வீழ்த்தியது. குழந்தை மாற்றி வைக்கப்பட்டது என்று ராகோபா தரப்பில் வதந்தி கிளப்பிப் பார்த்தார்கள், எடுபடவில்லை.

இதே நேரத்தில் ஆனந்திபாயும் கர்ப்பமாக இருந்தாள். கணவர் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்க, மாளவத்தில் தார் கோட்டையில் 1775 ஜனவரியில் அவளுக்கு மகன் பிறந்தான். கொழுந்தன் பையனைக் கொன்ற பழியோடு, எதிரிக்குப் பிறந்த குழந்தைக்கு ஒன்பது மாதம் இளைய பிள்ளையோடு, அந்நியக் கோட்டையில் ஒரு பெண். இந்த இடத்தில் நான் எழுத முடியாமல் இரண்டு மாதம் நின்றுவிட்டேன். அவளை மன்னிக்கவும் வரவில்லை, வெறுக்கவும் வரவில்லை.

(ஒரு திருத்தம். முதல் வரைவைப் படித்த தோழி ஒருவர் சொன்னார்: நாராயணராவ் ஆனந்திபாய்க்குக் கொழுந்தன் பையன் இல்லை, மூத்தார் பையன். நானாசாஹேப் மூத்தவர். சரிதான். மேலே உள்ள வரியிலும் அதே பிழையை மறுபடி செய்திருக்கிறேன். 'கொழுந்தன்' என்ற சொல் அவ்வளவு தூரம் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாவலில் மாற்றிவிட்டேன்.)

கம்பெனிக்காரர்கள் எப்படி உள்ளே வந்தார்கள்? நமக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

1775 மார்ச்சில் ரகுநாதராவ் பம்பாயில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு சூரத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டார். அவர்கள் 2,500 சிப்பாய்கள் தருவார்கள், பதிலுக்கு இவர் சாஷ்டி, வசாய் என்ற இரண்டு இடங்களையும் தருவார். சாஷ்டி என்பது இன்றைய மும்பையின் பெரும்பகுதி இருக்கும் தீவு, வசாய் அதற்கு வடக்கே உள்ள கடற்கரை ஊர். முதல் ஆங்கில – மராட்டியப் போர் இப்படித்தான் தொடங்கியது. 1779 ஜனவரியில் புனேவுக்குப் பக்கத்தில் வட்காவ் என்ற ஊரில் கம்பெனிப் படை சுற்றிவளைக்கப்பட்டுச் சரணடைந்தது. 1782-ல் சால்பாய் ஒப்பந்தத்தோடு போர் முடிந்தது. அதில் ரகுநாதராவுக்கு மாதம் 25,000 ரூபாய் ஓய்வூதியம் என்று எழுதினார்கள்.

நமக்குச் சம்பந்தம் உண்டு. கம்பெனி ராகோபாவுக்குத் துணை போனதால் கொதித்த நானா பட்னாவிஸ், ஹைதர் அலியையும் நிஜாமையும் தன் பக்கம் சேர்க்க முயன்றார். அந்தக் கூட்டின் பலத்தில்தான் ஹைதர் 1780-ல் கர்நாடகச் சீமைக்குள், அதாவது இன்றைய தமிழ்நாட்டுப் பகுதிக்குள், இறங்கினார். செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படை நொறுங்கியது. சனிவார் வாடாவில் ஒரு பையனை வெட்டியதன் எதிரொலியில் ஒரு பங்கு காஞ்சி வயல்காடு வரை கேட்டது. நாவலில் இதற்கு ஒரு பத்திதான் இடம். ஆனால் அதை எழுதும்போது கை நடுங்கியது.

வசனங்களை ஏன் பழைய செந்தமிழில் எழுதவில்லை?

"பிராணநாதா" என்று ஒரு முறை எழுதிப் பார்த்தேன், உடனே நாடக மேடை வந்துவிட்டது. "ஏன்னா" என்று எழுதினால் மயிலாப்பூர் வந்துவிடுகிறது. கடைசியில் அவள் பேசுவது சாதாரண "நீங்கள்". மற்றவர்கள் முன்னால் "தாதாசாஹேப்" என்று அவரைக் குறிப்பிடுவாள், தனியாக இருக்கும்போது எந்தப் பெயரும் சொல்ல மாட்டாள். அவர் அவளை "நீ" என்பார்.

ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் மராத்தியிலேயே விட்டேன். நாராயணராவ் கத்தியதாகச் சொல்லும் "காகா, மலா வாச்வா". காகா என்றால் அப்பாவோடு பிறந்தவர். "சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்" என்று மொழிபெயர்த்தால் பொருள் சரியாக வருகிறது, ஆனால் ஓடிவருகிற பையனின் மூச்சு வரவில்லை.

சனிவார் வாடாவில் பேய் உண்டு என்கிறார்களே, நாவலில் வருமா?

வராது. பௌர்ணமி இரவுகளில் அந்தக் குரல் கேட்கும் என்று புனேயில் சொல்வார்கள். 1828-ல் தீப்பிடித்து மாளிகை எரிந்துபோனது. இப்போது இருப்பது மதிலும் வாசல்களும் அடித்தளமும்தான். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே மீதி வாழ்நாளைக் கழித்த இரண்டு மனிதர்கள் எனக்குப் போதும்.

நாவல் எங்கே முடிகிறது?

ரகுநாதராவ் 1783 டிசம்பரில் கோபர்காவில் இறந்தார், ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அப்போதும் ஆனந்திபாய் கர்ப்பம். அடுத்த வருடம் சிமாஜி பிறந்தான், தகப்பன் முகம் பார்க்காமல். கங்காபாயின் பிள்ளை பிறந்தது போலவே. இந்த ஒற்றுமையை நான் உண்டாக்கவில்லை, வரலாற்றிலேயே இருக்கிறது.

பிறகு பிள்ளைகளோடு நானா பட்னாவிஸின் காவலில் இருந்தாள். 1794-ல் நாசிக் அருகே ஆனந்தவல்லியில் இறந்தாள். அடுத்த வருடம் சவாய் மாதவராவ் சனிவார் வாடா மாடியிலிருந்து விழுந்து 21 வயதில் இறந்தார். 1796-ல் தார் கோட்டையில் பிறந்த அவள் மகன் இரண்டாம் பாஜிராவ் என்ற பெயரில் பேஷ்வா ஆனான். அவன்தான் கடைசிப் பேஷ்வா. 1818-ல் எல்லாவற்றையும் கம்பெனியிடம் இழந்து, வருடம் 8 லட்சம் ரூபாய் ஓய்வூதியத்தோடு கான்பூர் அருகே பிட்டூருக்குப் போனான்.

நாவல் அதற்கெல்லாம் முன்பே, ஆனந்தவல்லியில் முடிகிறது. கோதாவரிக்கரை, மாலை நேரம். பத்து வயது சிமாஜிக்கு எழுத்துப் பலகையில் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறாள். 'த' வரை வந்ததும் விளக்கேற்ற நேரமாகிவிட்டது, மீதி நாளைக்கு என்று எழுந்துவிடுகிறாள். பையன் தானாகவே அடுத்த எழுத்துகளை எழுதிக்கொண்டே போகிறான்.